கொக்கா, கொக்கியா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: பிள்ளை வாசிக்கிறானா, இல்லையா? ஆகவே அரசியல், சினிமா கேள்விகளுக்கு அடுத்த வாரம் வரை விடுமுறை.

இரண்டாம் வகுப்புப் பேத்தி தமிழ்ப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை கடகடவென்று வாசிக்கிறாள். பஸ் போர்டைப் படி என்றால் மட்டும் வாயே திறப்பதில்லை. கண்ணில் கோளாறா?
– தாத்தா ஒருவர், மன்னார்குடி

கண்ணில் இல்லை. காது பிரமாதமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு "வாசி" என்று சொல்லிப் பாருங்கள், அப்போதும் வாசிப்பாள். பக்கத்தின் கடைசி வரியில் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்து உங்கள் விரலிடம் நின்றாளானால், அது மனப்பாடம். இது குற்றமில்லை. நீங்களும் நானும் ஆத்திசூடியை அப்படித்தான் 'வாசித்தோம்'. ஆனால் வாசிப்புத் திறனை அளக்க அது உதவாது. அதனால்தான் உருப்படியான எந்த வாசிப்புச் சோதனையும் பாடநூலில் இல்லாத பத்தியைக் கொடுக்கிறது. பஸ் போர்டு நல்ல சோதனைத்தாள்தான். பஸ் நின்றுகொண்டிருக்கும்போது வையுங்கள்.

பையன் முதல் வகுப்பு. தீபாவளிக்குள் 247 எழுத்தும் தெரிந்திருக்க வேண்டாமா?
– ஓர் அப்பா, ஆவடி

எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லையே. முதலில் நீங்கள் 'ஙௌ' வருகிற ஒரு சொல்லை எழுதி அனுப்புங்கள், பிறகு பையனைக் கேட்போம்.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவற்றின் கூட்டு. கால், கொம்பு, சுழி பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தானாக வந்துவிடும். வராத இடங்கள் இரண்டு. ஒன்று, உகர ஊகார வரிசை: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது, விதி சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டு, கெ, கே, கை: குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் படி என்று நாமே சொல்லிவிட்டு, இங்கே மட்டும் திரும்பி வா என்கிறோம். பிள்ளை தடுமாறினால் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எழுத்துகள் முழுவதும் கைவர முதல் இரண்டு வகுப்பு போதவில்லை. நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று கண்டார். கூட்டெழுத்துத் தொல்லை இல்லாததால் தமிழுக்குச் சுமை குறைவு. ஆனாலும் தீபாவளிக் கெடு அநியாயம். 'மரம், படம், வீடு, மீன், பூனை' என்று அடிக்கடி வரும் எழுத்துகளில் சோதியுங்கள். ஙௌ வராவிட்டால் குடும்ப மானம் போகாது.

நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசித்தால் பாஸ்?
– மூன்றாம் வகுப்பு ஆசிரியை, அரூர்

மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் (2021) மூன்றாம் வகுப்புக்குச் சொல்லும் இலக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல், அதுவும் புரிந்து. 'புரிந்து' என்பதை எல்லோரும் மறந்துவிட்டு ஸ்டாப் வாட்சை மட்டும் வாங்கி வந்துவிட்டோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, டீச்சர். 'ஐ வில் நாட் பி ஏபிள் டு கம்' என்று ஆங்கிலப் பிள்ளை ஏழு சொல்லைக் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. நம் பிள்ளை அதையே 'என்னால் வரமுடியாது' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது ஒரே சொல். அதை ஒரே மூச்சில் வாசித்த எட்டு வயசுக்காரனுக்கு ஒரு சொல்லுக்கான கூலிதான் கொடுப்பீர்களா? மொழிக்கு மொழி சொல்லின் நீளம் வேறு. இது தெரிந்துதான் என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் ஆய்வு நடத்தியபோது ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தது.

என் தீர்ப்பு: வேகத்தைப் பாருங்கள், ஆனால் அந்தப் பிள்ளையின் போன மாத வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்டாப் வாட்சைப் பிள்ளையின் கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் வாசிப்பு ஓட்டப்பந்தயமாகி, முற்றுப்புள்ளி எல்லாம் மிதிபடும்.

'நின்றது' என்று அச்சில் இருப்பதை என் மாணவன் 'நின்னுச்சு' என்று வாசிக்கிறான். தப்பு போடுவதா, வேண்டாமா? பயிற்சி கொடுக்க வந்தவர் போடச் சொல்கிறார், மனசு வரவில்லை.
– ஈராசிரியர் பள்ளி ஆசிரியர், போளூர்

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. ஒரு பத்தியை வைத்தே பார்த்துவிடுவோம்.

'குளத்தங்கரையில் ஒரு கொக்கு நின்றது. அது வெகுநேரம் அசையவில்லை. மீன்கள் அதைக் கல் என்று நினைத்துவிட்டன.' மொத்தம் 12 சொல்.

முதல் பையன் இப்படி வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "குளத்தங்கரையில ஒரு கொக்கு நின்னுச்சு. அது ரொம்ப நேரம் அசையல. மீனெல்லாம் அதைக் கல்லுன்னு நெனச்சிடுச்சு."

இரண்டாவது பையன்: "குளத்... தங்... கரையில் ஒரு கொக்கி நின்றது. அது வெகு... நேரம் அசையவில்லை. மீன்கள் அதைக் கள் என்று நினைத்துவிட்டன."

அச்சில் உள்ளபடி எண்ணினால் முதல் பையனுக்குச் சரி நான்கே சொல், எட்டு தப்பு. இரண்டாமவனுக்கு இரண்டே தப்பு. பதிவேட்டில் இரண்டாமவன் கெட்டிக்காரன். இப்போது "மீன் ஏன் பயந்து ஓடவில்லை?" என்று கேளுங்கள். முதலாமவன், "அசையாம நின்னுச்சுல்ல சார், கல்லுன்னு நெனச்சுக் கிட்டப் போயிருக்கும், போச்சு!" என்பான். இரண்டாமவன் தரையைப் பார்ப்பான். குளத்தங்கரையில் கொக்கி எப்படி நிற்கும், மீனுக்கும் கள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. எழுத்தோடு போராடியதில் அர்த்தத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

பிழையை எண்ணாதே, எடை போடு என்ற இந்த யோசனையை 1960-களிலேயே அமெரிக்காவில் கென்னத் குட்மேன் முன்வைத்தார். நியூசிலாந்தின் மேரி கிளே, பிள்ளை வாசிக்க வாசிக்க ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே போகும் முறையை வகுத்தார். சரி என்றால் ஒரு டிக், மாற்றி வாசித்தால் அந்தச் சொல்லை மேலே எழுதுவது, தானே திருத்திக்கொண்டால் அதற்கு ஒரு குறி. பேனாவும் தாளும் போதும்.

ஆனால் குட்மேன் சொன்னதெல்லாம் வேதம் இல்லை. வாசிப்பதே ஊகிக்கும் விளையாட்டு என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. எழுத்தைப் பார்க்காமல் ஊகிப்பது தடுமாறுகிறவர்களின் பழக்கம். ஆகவே முதல் பையனையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். 'வெகுநேரம்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதை இருக்கிறபடி வாசி" என்று கேளுங்கள். வாசித்துவிட்டால் அவன் செய்தது தப்பே இல்லை. ஏட்டுத் தமிழை வீட்டுத் தமிழாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறான், அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணே தரலாம். வாசிக்க முடியாவிட்டால் அவனுக்கும் எழுத்துப் பாடம் தேவை. பயிற்சி கொடுக்க வந்தவரிடம் இரண்டு பையன்களையும் வாசிக்கவிட்டுக் காட்டுங்கள், வாதமே வேண்டாம்.

வாய்விட்டு வாசிப்பதா, மனசுக்குள் வாசிப்பதா, எது உயர்ந்தது?
– பத்தாம் வகுப்பு மாணவி, சிவகாசி

வாய்விட்டு வாசித்தால் உங்கள் தடுமாற்றம் டீச்சருக்குத் தெரியும். மனசுக்குள் வாசித்தால் உங்களுக்கு மட்டும் தெரியும். பொதுத்தேர்வு ஹாலில் இரண்டாவதுதான் அனுமதி.

ஒரு பத்தி எந்த வகுப்புக்கு ஏற்றது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சூத்திரம் உண்டாமே?
– பி.எட். மாணவர், காரைக்குடி

ஆங்கிலத்தில் டஜன் கணக்கில் உண்டு. புகழ்பெற்றது 1948-இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் போட்டது. வாக்கியம் எவ்வளவு நீளம், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணி, 206.835 என்ற எண்ணிலிருந்து கழித்தால் விடை வரும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். ஆழம் எல்லாம் அதற்கு முன்னால்கூட இல்லை. 1975-இல் அமெரிக்கக் கடற்படை தன் கையேடுகளுக்காக அதையே வகுப்புக் கணக்காக மாற்றிக்கொண்டது. இதே ஃப்ளெஷ்தான் 1955-இல் 'ஜானியால் ஏன் வாசிக்க முடியவில்லை' என்று புத்தகம் எழுதி அமெரிக்கப் பள்ளிகளை ஒரு பிடி பிடித்தவர். ஜானி சூத்திரத்தால் வாசிக்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

இன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் ஓடுவது லெக்ஸைல் என்ற அளவு. அதன்படி ஸ்டெய்ன்பெக் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 680. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரட்டும் 'டைரி ஆஃப் எ விம்ப்பி கிட்' 900-க்கு மேல். ஸ்டெய்ன்பெக்கின் உரையாடல்கள் குட்டிக்குட்டி வாக்கியங்கள். கணக்குக்கு அது எளிது. பஞ்சமும் பசியும் கணக்கில் வராது.

தமிழுக்கு இதை அப்படியே இறக்கினால் என்ன ஆகும்? குறளுக்கு ஏழே சீர், இரண்டே வரி. சூத்திரம் திருவள்ளுவரை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். நேற்றைய நாளிதழில் வந்த 'மேற்கொள்ளப்பட்டுவருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது' பிஎச்.டி. வாங்கிவிடும். நீளம் ஒரு தடயம், தீர்ப்பு அல்ல. சொல் பிள்ளைக்குத் தெரிந்ததா, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது வெளிப்படையாக இருக்கிறதா, சொல்லாமல் விட்டதை நிரப்ப எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இந்த மூன்றையும் எண்ணிச் சொல்ல முடியாது. நீங்களே வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படி. என் மகன் 'பற' புத்தகத்தை எடுத்தான். டீச்சர், "நீ இன்னும் நட" என்று வாங்கி வைத்துவிட்டார். சரியா?
– ஓர் அம்மா, உடுமலை

படி பிரித்தது நல்ல காரியம்; அலமாரியில் எதை எடுப்பது என்று திகைக்கும் பிள்ளைக்கு வழி காட்டும். ஆனால் அது அலமாரிக்குப் போட்ட பெயர், உங்கள் பையனுக்கு இல்லை.

டீச்சரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்ற புத்தகம்தான் தர வேண்டும் என்பது பழைய பாடம். 1946-இல் எம்மெட் பெட்ஸ் கணக்கே போட்டுக் கொடுத்தார்: நூறு சொல்லில் 99 சரியாக வந்தால் தானே வாசிக்கலாம், 95 வந்தால் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம், 90-க்குக் கீழே போனால் புத்தகத்தை மூடிவிடு. இன்றும் உலகம் முழுக்க இது ஓடுகிறது. இத்தனை ஓட்டத்துக்கு அடியில் இருக்கும் ஆதாரம் மெலிசு.

2000-இல் அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளோடு ஜோடி சேர்த்து ஒரே புத்தகத்தை உரக்க வாசிக்கவைத்தார்கள். சிலருக்கு அவரவர் மட்டத்துப் புத்தகம், சிலருக்கு இரண்டு வகுப்பு மேலே, சிலருக்கு நான்கு. அதிகம் முன்னேறியது இரண்டு வகுப்பு மேலே உள்ளதை வாசித்தவர்கள். கவனியுங்கள், துணையோடு. தனியே கையில் கொடுத்துக் கைகழுவினால் அந்தப் பலன் வராது.

ஆகவே 'பற' வீட்டுக்கு வரட்டும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன். நடுவில் கீழே வைத்துவிட்டுப் போனால் போகட்டும். நாமும்தான் எத்தனை புத்தகக் கண்காட்சிப் புத்தகங்களைப் பாதியில் வைத்திருக்கிறோம்.

மகன் பாடப் புத்தகம் என்றால் தூங்குகிறான். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தை மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறான். இது வாசிப்புத் திறனா, திமிரா?
– ஒரு தாய், நாகர்கோவில்

திறன்தான். திமிர் தனிப்பாடம்.

1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்து முடித்ததும் மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். வாசிப்புச் சோதனையில் மட்டம் என்று முத்திரை விழுந்தவர்களில் பேஸ்பால் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். மட்டம், கெட்டி என்ற முத்திரையை விட விஷயம் தெரியுமா என்பதே பெரிதாக இருந்தது.

'மிட் ஆஃபில் கேட்ச் கொடுத்து வெளியேறினார்' என்ற வரியை எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பேராசிரியரிடம் கொடுத்தால், யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்று கேட்பார். ஆகவே பிள்ளையை ஒரே ஒரு பத்தியை வைத்து எடை போடாதீர்கள். விளையாட்டு, கதை, அறிவியல் என்று மூன்று வகையாவது கொடுத்துப் பாருங்கள். எதில் தூங்குகிறான் என்பதும் ஒரு தகவல்தான்.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் பாடம் யாருக்குமே புரியவில்லை. பிள்ளைகள் மக்கா, பாடம் மக்கா?
– பட்டதாரி ஆசிரியர், பெரம்பலூர்

கண்டுபிடிக்க 1953-இலேயே வழி வந்துவிட்டது. வில்சன் டெய்லர் என்பவர் பத்திரிகை எழுத்து எவ்வளவு கடினம் என்று அளக்கக் கொண்டுவந்தது. பாடத்தில் ஒரு பகுதியை எடுங்கள். முதல் வாக்கியத்தை அப்படியே விடுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள். ஐம்பது கோடு வரும்வரை. பிள்ளைகள் நிரப்பட்டும். இது 'கோடிட்ட இடத்தை நிரப்புக' அல்ல. அங்கே முக்கியச் சொல்லை நீங்கள் பொறுக்கி எடுக்கிறீர்கள், இங்கே எது போகிறதோ அது போகிறது. 30-க்கு மேல் சரியானால் தானே வாசித்துக்கொள்வான். 20-க்குக் கீழே போனால் அந்தப் பாடம் அவனுக்கு மிகக் கடினம் என்பது பொதுவான கணக்கு. தமிழில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள்: 'மன்னரின்' வர வேண்டிய இடத்தில் 'மன்னருக்கு' என்று எழுதினால் முழுத் தப்பு போடாதீர்கள், தனியே குறித்து வையுங்கள். விஷயம் புரிகிறது, வேற்றுமைதான் உதைக்கிறது.

வகுப்பில் நாலைந்து பேர் 20-க்குக் கீழே என்றால் அவர்களைக் கவனியுங்கள். முக்கால்வாசி வகுப்பே கீழே என்றால் பாடத்தைக் கவனியுங்கள். 'நிலவரி வசூலிக்கும் பொறுப்பு ஜமீன்தார்களிடம் ஒப்படைக்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் ஒப்படைத்தவனைக் காணோம், யாரிடம் வசூல் என்பதையும் காணோம். "கம்பெனிக்காரன் விவசாயிகளிடம் வரி வாங்கித் தரும் வேலையை ஜமீன்தாரிடம் கொடுத்தான்" என்று முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு அச்சில் உள்ளதையே வாசிக்கவிடுங்கள். சொன்னதோடு நிறுத்தினால் அவர்கள் உங்களைத்தான் வாசிப்பார்கள், புத்தகத்தை அல்ல.

மூன்றாம் வகுப்பில் ஐந்தில் ஒரு பிள்ளைதான் வாசிக்கிறது என்று அசர் அறிக்கை சொன்னதே. மற்ற நால்வரும் தற்குறிகளா?
– ஓய்வுபெற்ற எழுத்தர், விருத்தாசலம்

இல்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் சோதனை அது. கிராமங்களில் வீட்டுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படி. அந்தக் கடைசிப் படியை எட்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்திய அளவில் 2018-இல் 27.3 சதவீதம். பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022-இல் 20.5. 2024-இல் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

மற்ற நால்வரில் ஒருத்தி பத்தி வாசிப்பாள், கதையில் மூச்சு வாங்குவாள். ஒருவன் சொல்லோடு நின்றிருப்பான். ஒருவனுக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை. இவர்களுக்கு நாளைக் காலை நடத்த வேண்டிய பாடம் வேறு வேறு. தலைப்புச் செய்தி எல்லோரையும் 'வாசிக்கத் தெரியாதவர்கள்' என்று ஒரே பெஞ்சில் தள்ளிவிட்டது. நமக்கு வேண்டியது சதவீதம் இல்லை, யார் எந்தப் படியில் என்ற பட்டியல்.

என் மகள் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 'மொட்டு'. எப்போது மலர்வாள்?
– கவலையுள்ள தந்தை, ஊத்தங்கரை

அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் எந்தப் பயிற்சித்தாளைக் கொடுப்பது என்று ஆசிரியர் வைத்துக்கொள்ளும் அடையாளம். நீங்கள் அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும் நாளில் அது பட்டப்பெயராகிவிடும். ஆசிரியரிடம் "மொட்டா, மலரா?" என்று கேட்காதீர்கள். "எதில் தடுமாறுகிறாள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆங்கிலம் அருவி மாதிரி வாசிக்கிறான். அர்த்தம் கேட்டால் முழிக்கிறான். ஃபீஸ் கட்டியது வீணா?
– ஒரு பெற்றோர், ஈரோடு

பாதி வீண். 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்புக்கு ஒரு பெருக்கல் கணக்கு சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை, அந்த மொழியைக் கேட்டுப் புரியும் திறனால் பெருக்கு. உங்கள் மகனுக்கு முதலாவது நூறு, இரண்டாவது பூஜ்யம். பெருக்கிப் பாருங்கள். கதையை நீங்கள் வாசித்து அவனைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் வாசிப்புப் பயிற்சிக்கு அனுப்பிப் பயனில்லை. மொழியைப் பேசிப் பழக்க வேண்டும். தமிழில் சொன்னால் புரிகிறதா என்பதையும் இன்று ராத்திரியே சோதித்துவிடுங்கள்.

எல்லாம் சரி சார். நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி, நடுவில் எமிஸ் இணையதளத்தில் பதிவு வேறு. இதற்கெல்லாம் நேரம் எங்கே?
– இடைநிலை ஆசிரியை, கமுதி

ஒரு நாளைக்கு இரண்டே பிள்ளைகள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு பத்தி, ஒரு 40 பக்க நோட்டு. பிள்ளை வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி: ஒன்று பத்தியிலேயே விடை இருப்பது, இன்னொன்று யோசித்துச் சொல்ல வேண்டியது. நோட்டில் மதிப்பெண் வேண்டாம். '62' என்று எழுதினால் அடுத்த மாதம் நீங்களே அதைப் பார்த்து முழிப்பீர்கள். 'ற்ற, ன்ற வரவில்லை. கதை புரிகிறது' என்றோ, 'எழுத்தெல்லாம் சரி. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை' என்றோ ஒரு வரி எழுதுங்கள். முதல் பிள்ளைக்கு ஒரு வாரம் ற்ற, ன்ற வரும் சொற்கள். இரண்டாவது பிள்ளையோடு தினமும் ஒரு கதை பேசுவது. இருபது வேலைநாளில் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும்.

யாரிலிருந்து தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். கடைசி பெஞ்சில், இதுவரை நீங்கள் குரலே கேட்காத இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் பெயரை இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள், டீச்சர்.